திருக்குற்றாலத்தில் கேட்ட நினைவிசை

சிவபெருமானை இசையாகவும் அவ்விசையால் விளையும் பயனாகவும் கண்டு வழிபட்ட நெறி நம் சைவநெறி. ஆனாய நாயனார் வேய்ங்குழலில் திருவைந்தெழுத்தை அமைத்து ஊதித் திருவருள் பெற்றமையும், திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் ஆளுடைய பிள்ளையாரின் திருப்பதிகங்களை யாழிலிட்டு உடன் சென்றமையும் பெரியபுராணம் பயின்றார் யாவரும் அறிவர். ஆகலின் இசையரங்கு ஒன்றைப் பற்றிச் சித்தாந்த ஆராய்ச்சிக்குரிய இத்தாளில் யான் எழுதப் புகுந்தமை கண்டு அன்பர்கள் வியப்புறார் என நம்புகின்றேன். கேட்ட இசையைப் புகழ்ந்துரைத்தலோ இகழ்ந்துரைத்தலோ ஈண்டு என் கருத்தன்று. மறைந்த புலவர் ஒருவரை நினைந்து பாடுங்கால் நாம் உண்மையில் யாரைப் பாடுகின்றோம் என்னும் வினாவொன்று அவ்வரங்கில் என் உள்ளத்தே எழுந்தது. அவ்வினாவையும், அதற்கு விடை காணப் புகுந்து யான் என் பிழையொன்றை உணர்ந்தவாற்றையும் எழுதுதலே கருத்தாகும்.

சென்ற ஆனித் திங்களில் ஒருநாள் மாலை, திருக்குற்றாலத்தில் சாரற்பருவத்தையொட்டி நடைபெற்ற இசைவிழாவில், குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர்க்கு அஞ்சலியாக அமைந்த இசையரங்கிற்குச் சென்றிருந்தேன். யான் வாழ்வது கடையம். வில்வவனநாதரும் நித்திய கலியாணியம்மையும் எழுந்தருளியுள்ள இவ்வூர், 1918-ஆம் ஆண்டின் இறுதியிற் சிறையினின்றும் விடுபட்ட சுப்பிரமணிய பாரதியார், தம் மனைவியார் செல்லம்மாளின் பிறந்தகம் என்னும் உரிமையால் வந்து 1920 வரை தங்கிய ஊர். ஆகவே மறைந்த புலவரை நினைந்து கூடுதலும் பாடுதலும் எங்கட்குப் பழகிய செயல்களே. கீழக்கடையம் நிலையத்தில் இரயிலேறித் தென்காசியில் இறங்கி, ஆங்கிருந்து பேருந்தில் குற்றாலம் நோக்கிச் சென்றேன். இடைவழியில் மேலகரம் வந்தது. கவிராயர் பிறந்த ஊர் இதுவேயென்று அருகிலிருந்த இளைஞர் ஒருவரிடம் கூறினேன். அவரும் அவ்விசையரங்கிற்கே செல்பவர். "அப்படியா ஐயா" என்று சாளரத்தின் வழியே நோக்குமுன் பேருந்து ஊரைக் கடந்துவிட்டது. நினைவிசை ஒன்று வேண்டற்பாலதே என்னும் எண்ணம் எனக்கு அப்பொழுதே உறுதிப்பட்டது.

ஆனியும் ஆடியும் முதுவேனில் என்று இலக்கணநூலார் வகுத்தனர். பிறவிடத்தார் வெயிலால் வாடும் அப்பருவத்திலேயே, செங்கோட்டைப் பக்கத்து மலையிடைவெளி வழியாகப் புகும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்தை நனைத்துக் குளிர்விக்கின்றது. அந்த நுண்டுளி மழையையே நம்மனோர் சாரல் என்கின்றனர். ஆளுடைய பிள்ளையார் அருளிய திருக்குற்றாலப் பதிகத்தின் முதற்பாட்டிலும் 'சாரல்' என்னுஞ் சொல் உண்டு. ஆயின் ஆங்கு அது மலைச்சரிவைக் குறிக்கும். மலையைச் சார்ந்த இடத்திற்கு வழங்கிய சொல், அவ்விடத்தைச் சார்ந்து பெய்யும் தூறலுக்கும் பெயராயிற்று. ஒரு சொல் தான் சார்ந்ததன் தன்மையைப் பெறுதல் இவ்வாறாயின், சார்ந்ததன் வண்ணமாதலை இயல்பாகவுடைய உயிர், இசையைச் சார்ந்தவழி எதன் வண்ணமாகின்றது என்பது ஆராயத்தக்கதன்றோ?

நினைவிசை தகுமோ?

நம் அன்பருள் சிலர், மானிடரைப் பாடுதல் சைவர்க்கு ஆகாது என்பர். பொருள் வேண்டிச் செல்வரைப் புகழ்தலை நம் ஆசாரியர்கள் கடிந்தனர் என்பது மெய்யே. அக்கடிதல் பொருளாசையால் எழும் பொய்ப்புகழ்ச்சியைப் பற்றியது. அன்பால் எழும் அடியார் வழிபாட்டைப் பற்றியதன்று. நம்பியாரூரர் திருத்தொண்டத்தொகை அருளியது அடியாரை நினைந்தே. அத்தொகையை விரித்துத் திருவந்தாதி செய்த நம்பியாண்டார் நம்பி, ஆளுடைய பிள்ளையார் மீதும் ஆளுடைய அரசர் மீதும் பாடிய பிரபந்தங்கள் பதினோராந் திருமுறையிற் கோக்கப்பெற்றுள்ளன. அவ்விரண்டையும் அடியொற்றிச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் செய்தருளினார். அவரை நினைந்து சேக்கிழார் புராணம் எழுந்தது. பாடினோரைப் பாடுதலும், அவ்வாறு பாடினோரைப் பின்னர் வந்தோர் பாடுதலும் நம் மரபில் இடையறாது வருகின்றன. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரமும் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கொண்டு தொழுக என்று முடிகின்றது.

எனவே நினைவிசை தகும். ஆயின் அதற்கு ஓர் அளவுகோல் உண்டு. மேற்கூறிய பாடல்கள் யாவற்றிலும் அடியாரின் பெருமை அவர் தொழுத பெருமானிடத்தே சென்று முடிதலைக் காணலாம். கேட்பவன் உள்ளம் பாடப்பட்டவரோடு நின்றுவிடாது, அவர் எதனை நோக்கி நின்றாரோ அதனை நோக்கித் திரும்புதல் வேண்டும். இவ்வளவுகோலைக் கொண்டே அம்மாலையில் நிகழ்ந்தவற்றை அளந்து பார்த்தேன்.

ஒரு பாட்டும் ஒரு பதிகமும்

அரங்கின் முகப்பிற் கவிராயரின் படம் ஒன்று மாலை சூட்டப்பெற்றிருந்தது. ஓவியர் தம் கற்பனையால் எழுதியது அது. விருந்தினராக வந்தோர் ஒருவர்பின் ஒருவராகப் பேசினர். அதனால் கடவுள் வாழ்த்திற்கென வகுத்த நேரம் சுருங்கியது. ஓதுவார் ஒருவர் எழுந்து, பிள்ளையாரின் திருக்குற்றாலப் பதிகத்தில் முதற்பாட்டை மட்டும் ஓதி அமர்ந்தார். அவர் குரல் வெளியே விழும் அருவியின் ஓசையோடு ஒத்து நின்றது. பாட்டு முடிந்ததும் அவையோர் கைதட்டினர். அடுத்த பாட்டிற்கு மூச்செடுத்த ஓதுவார் அவ்வொலி கேட்டுத் தயங்கினார். நிகழ்ச்சியை நடத்துவோர் கைகாட்டவே அமர்ந்துவிட்டார். அவர்மேல் யாதொரு குறையும் இல்லை.

அப்பதிகத்தைப் பற்றி இரண்டு செய்திகளை ஈண்டுக் கூறல் வேண்டும். முதலாவது, அதன் இறுதியிலுள்ள திருக்கடைக்காப்பு, பாடல் பத்தையும் பாடுவார்க்குப் பாவம் நீங்கும் எனப் பயன் கூறுகின்றது. பத்தும் பாடுக என்பது பாடியவர் திருவாக்கு. ஒன்று பாடி நிறுத்துதல் அவர் திருவுள்ளத்திற்கு ஒத்ததன்று. பதினொரு பாட்டையும் பண்ணோடு ஓதக் கால்மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகலாம். ஒரு விருந்தினர் பேச்சின் அளவே அது.

இரண்டாவது, அப்பதிகத்தின் பண் குறிஞ்சி. முதல் திருமுறையில் அது தொண்ணூற்றொன்பதாவது பதிகமாக நிற்பது. குறிஞ்சி மலைநிலத்திற்கும் பெயர். அந்நிலத்திற்குரிய பண்ணிற்கும் பெயர். குறிஞ்சி நிலத்து ஊரைக் குறிஞ்சிப் பண்ணால் பிள்ளையார் பாடியருளினார். அம்முதற்பாட்டிலேயே சோலையிலுள்ள வண்டுகள் யாழிசை செய்கின்றன என்பர். நிலமும் பண்ணும் பொருளும் ஒன்றாயியைந்த இடம் அது. இக்காலத்து ஓதுவார்கள் குறிஞ்சிப் பண்ணை அரிகாம்போதி இராகத்தில் ஓதுவர். அன்று ஓதியவரும் அவ்வாறே ஓதினார். நிகழ்ச்சியை விளக்கியுரைத்தவர் இப்பொருத்தத்தை ஒரு சொல்லாற் சுட்டியிருப்பினும் கேட்டோர் உள்ளம் நிறைந்திருக்கும்.

குற்றாலத்திற்குப் பிள்ளையார் அருளிய பதிகம் இஃதொன்றே அன்று. தலமரமாகிய குறும்பலாவைத் தனியே சிறப்பித்து இரண்டாந் திருமுறையில் காந்தாரப் பண்ணில் ஒரு பதிகம் உண்டு. ஊருக்கு ஒன்றும் ஊரிலுள்ள மரத்திற்கு ஒன்றுமாகப் பதிகம் பெற்ற தலம் குற்றாலம். அவ்விரண்டாவது பதிகம் அன்று நினைக்கவும் படவில்லை.

தேவாரத்தை இசைமேடையிற் பாடலாமோ என்று வினவுவாரும் உளர். இடம் பற்றி எனக்கு ஐயம் இல்லை. ஆனாயர் குழலூதியது காட்டில். திருமுறை கண்ட வரலாறும் இதற்குத் துணையாகும். சோழ வேந்தன் வேண்ட, நம்பியாண்டார் நம்பி தில்லையிலே மூவர் ஏடுகளைக் கண்டெடுத்த பின்னர், பண்முறை அறியாது மயங்கியபொழுது, திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய பெண்ணொருத்தியே பண்களை வகுத்துக் கொடுத்தாள் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடு அரசனாற் கிடைத்தது; இசை பாணர்குலத்து ஒரு மகள் வாயாற் கிடைத்தது. அவ்வழி வந்த இசைச்செல்வத்தை ஆராய்ந்தோருள், இத்தென்காசிச் சீமையின் சாம்பவர் வடகரையில் 1859-இல் தோன்றி, 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும், 1947-இல் யாழ்நூலை அரங்கேற்றிய விபுலாநந்த அடிகளும் நன்றியோடு நினைக்கத்தக்கவர். 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கம் பண்ணாராய்ச்சியைத் தன் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டது. இத்துணையோர் உழைத்து மீட்ட பண்ணை முதற்பாட்டோடு நிறுத்துதல் வருந்தத்தக்கது.

குறவஞ்சிப் பாடல்கள்

பின்னர், எம்மூர்ப் பெண்மகள் ஒருத்தி குறவஞ்சிப் பாடல்களைப் பாடினாள். வயது இருபதிற்குச் சற்று மேல் இருக்கும். குரல் இனிமையுடையது, தாளத்தில் வழுவாதது. வயலினும் மிருதங்கமும் அவள் பாட்டை அடக்காமல் துணைநின்றன. தலைவி வசந்தவல்லி பந்தடிக்கும் பாட்டில் மிருதங்கம் வாசித்தவர் பந்து எழுந்து விழும் ஓசையையே விரலிற் காட்டினார். குறத்தி தன் மலைவளம் கூறும் பாட்டை அவள் தொடங்கியபொழுது அவை முழுதும் அசைவற்றது. வெளியே அம்மலையே நின்று நனைந்துகொண்டிருந்தது. பாட்டிற் கேட்ட அருவியைக் கதவு வழியே கண்ணாற் காணும் பேறு பிறவூர்க் கேட்போர்க்கு வாய்ப்பதரிது.

குறைகளும் உண்டு. ஓர் அடியைத் திருப்பித் திருப்பிப் பாடி விரிக்குமிடத்துச் சொற்கள் சிதைந்தன. திரிகூடம் என்பது மூன்று சிகரம் எனப் பொருள்படும் மலைப்பெயர். திரிகூடநாதர் என்னும் திருப்பெயரைத் 'திரி' என்று நீட்டி நிறுத்திப் பின் 'கூட' என்று எடுத்தால், பெருமான் யாரோடோ கூடத் திரிவதாகப் பொருள்படுகின்றது. குறும்பலா என்பதும் அவ்வாறே பிளவுபட்டுக் குறும்பு செய்வாரை நினைவூட்டிற்று. இசைக்குச் சொல் இடங்கொடுத்தல் வேண்டும். ஆயினும் சொல்லின் முதலும் ஈறும் தெரிய நிற்றலே தமிழிசையின் உயிர்.

மற்றொரு குறை இன்னும் பெரிது. குறவஞ்சி நாடகநூல். அதிற் கீர்த்தனைகளுக்கு இடையிடையே விருத்தமும் வெண்பாவும் கொச்சகமும் வந்து கதையைக் கொண்டுசெல்லும். அரங்கிற் பாடுவோர் கீர்த்தனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விடுத்தனர். அதனால் திரிகூடநாதர் உலா வருதலும், வசந்தவல்லி அவரைக் கண்டு காதல்கொள்ளுதலும் அறியப்படாமல், அவள் நிலவை நொந்து பாடும் பாட்டு மட்டும் தனியே நின்றது. பாற்கடலில் அமுதத்தோடு தோன்றிய திங்கள், அமுதின் குணத்தை விட்டுத் தன்னைச் சுடுவது ஏன் என்பது அவள் வினா. அத்திங்கள் யார் சடையில் இருப்பது, அவர்க்கும் இவட்கும் என்ன தொடர்பு என்பன விடப்பட்ட பாட்டுகளிலன்றோ உள்ளன? அவற்றை விட்டபின் எஞ்சுவது யாரோ ஒரு மங்கையின் யாரோ ஒருவன்மேல் உள்ள காமம். கவிராயரைச் சிறப்பிக்கக் கூடிய அவையில், கவிராயர் எவரைப் பாடினாரோ அவர் மறைக்கப்பட்டார்.

உள்ளுறை காண்பார் கூற்று

இடையிற் பேசிய ஒருவர் இக்குறையை நிரப்பக் கருதிப் போலும், வசந்தவல்லி ஆன்மா என்றும், குறத்தி ஞானகுரு என்றும், சிங்கன் சிங்கியைத் தேடுதல் உயிர் திருவருளைத் தேடுதல் என்றும் விரித்துரைத்தார். அவையோர் மகிழ்ந்தனர். எனக்கு உடன்பாடில்லை. குறத்தி ஞானகுருவாயின் அவள் கணவன் சிங்கன் பக்குவமில்லாத உயிராதல் எங்ஙனம்? சிங்கன் விரிக்கும் கண்ணி பாசமாயின் அதனை விரிப்பவன் இறைவனோ உயிரோ? அவனுடன் வரும் நூவன் மலமோ? இவ்வாறு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின் உருவகம் நிலைகொள்ளாது. திருக்கோவையாருக்குப் பேரின்பப்பொருள் காணும் உரைமரபு உண்டு. அது மணிவாசகப் பெருமான் திருவாக்கு என்னும் உரிமையாலும், நூல் முழுதும் தில்லைக் கூத்தனைச் சார்ந்து நிற்றலாலும் எழுந்தது. அதனைக் கண்டு எந்நூலுக்கும் வலிந்து பொருளேற்றுதல் நூலையும் சித்தாந்தத்தையும் ஒருங்கே எளிமைப்படுத்துவதாகும்.

எனில் குறவஞ்சியிற் சைவம் எங்கே உளது? அது மறைபொருளாக இல்லை, வெளிப்படையாகவே உளது. தலைவியின் காதல் திரிகூடநாதர்மேல் செல்கின்றது. குறத்தியின் மலைவளம் அவர் மலையைச் சொல்கின்றது. குறி சொல்லி அவள் காட்டுவது அவர் வரவை. பறவை பிடிக்கும் வேடன் கண்ணி வைப்பதும் அவர் திருக்கோயிலைச் சார்ந்த வயல்களிலே. உயர்ந்தோர் காதலும் எளியோர் ஊடலும் ஒரே பெருமானின் ஊரில், அவர் திருமுன்னரே நிகழ்கின்றன. குழல்வாய்மொழியம்மை பாகத்து இறைவர்க்கு அயலான உயிர் என்று ஒன்றையும் கவிராயர் வைக்கவில்லை. இதனை உணர்த்த உருவகம் வேண்டா. விருத்தங்களை விடாது பாடினாற் போதும்.

என் பிழை

ஈண்டு என்னைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அரங்கேறுதற்கு ஒரு திங்கள் முன் அப்பெண் என் இல்லத்திற்கு வந்து, "ஐயா, பாடலுக்குப் பொருள் தெரியாமல் பாட மனம் ஒப்பவில்லை" என்று கேட்டாள். மகிழ்ந்து பாடம் சொன்னேன். பந்தாட்டம், நிலவு, மலைவளம், குறி ஆகிய பகுதிகளை விரித்துரைத்தேன். சிங்கனும் சிங்கியும் உரையாடும் பகுதி வந்தபொழுது, "அது வேண்டா அம்மா, அது வேடிக்கைப் பாட்டு" என்று ஏட்டை மூடினேன். அவள் மறுத்துப் பேசவில்லை. மடத்திற் பயின்ற நாளில் எங்கள் ஆசிரியர் அப்பகுதியை நடத்தியதில்லை. யானும் முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளியில் அதனை நடத்தியதில்லை. நடத்தாமைக்குக் காரணம் யாதென ஒருநாளேனும் ஆராய்ந்தேனில்லை.

அவள் அதனைத் தானே பயின்று அன்று பாடினாள். காட்டையன்றி ஒன்றும் அறியாத சிங்கன், ஊரூராகக் குறி சொல்லித் திரும்பிய மனைவியின் காலிற் கிடப்பதைக் கண்டு, நச்சுப்பாம்பு கடித்துக் கிடக்கின்றதோ என அஞ்சிக் கேட்கின்றான். அவள், அது இன்ன நாட்டிற் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கின்றாள். இவ்வாறே ஒவ்வோர் அணியையும் அவன் தான் அறிந்த காட்டுப்பொருளாகக் கண்டு மயங்க, அவள் அதன் பெயரும் அது கிடைத்த இடமும் சொல்லி மயக்கம் தீர்க்கின்றாள். அப்பெண் சிங்கன் வினாவைச் சிரிப்பிற்கெனப் பாடாமல் மெய்யான அச்சத்தோடு பாடினாள். சிங்கியின் விடையைப் பெருமிதத்தோடும் பரிவோடும் பாடினாள். அவையோர் முதலிற் சிரித்தனர், பின் அமைதியுற்றனர்.

யான் வெட்கினேன். அளவைநூலார் ஒன்றனைப் பிறிதொன்றாகக் காண்பதைத் திரிவுக்காட்சி என்பர். சிலம்பைப் பாம்பெனக் கண்டவன் சிங்கன் மட்டுமல்லன். தான் முன்பு அறிந்ததைக் கொண்டே புதியதை அளப்பவன் எவனும் அவ்வாறே காண்கின்றான். அணியை நஞ்செனக் கருதி முப்பது ஆண்டு மாணாக்கர்க்கு மறைத்தேன் யான். அன்றியும், நம் பெருமான் திருமேனியிலோ மெய்ப்பாம்பே அணியாக விளங்குகின்றது. பாம்பை அணியாகக் கொண்ட இறைவன் ஊரிலே, அணியைப் பாம்பெனக் காணும் வேடனைக் கவிராயர் நிறுத்தினார். இஃது அவர் எண்ணிச் செய்ததோ அன்றோ, யான் துணியமாட்டேன். உள்ளுறை காண்பாரை மறுத்த யானே அவ்வழிச் செல்லுதல் முறையன்று. என் உள்ளத்தில் அது பட்டவாறு கூறினேன். இசை செய்த பயன் அது. ஏட்டில் யான் மூடியதை அவள் குரல் திறந்தது.

அரங்கு முடிந்தபின் அவளைக் கண்டு, "யான் விட்ட இடத்தில்தான் அம்மா நீ நன்றாகப் பாடினாய்" என்றேன். "நீங்கள் மற்றவற்றைச் சொன்னதால்தான் ஐயா இதுவும் விளங்கியது" என்றாள். அது மரியாதையாற் சொல்லிய சொல் என்பதை அறிவேன்.

படமும் பாட்டும்

கவிராயர் பிறரை நினைந்த முறையையும் காண்போம். சிங்கன் பறவைகள் வந்து மேயும் வயல்களைச் சொல்லுமிடத்துக் கோயிற்குக் கட்டளை வைத்தோரும் திருப்பணி செய்தோரும் பெயர் பெறுகின்றனர். அவர்கட்குத் தனிப் புகழ்மாலை இல்லை. அவர் அளித்த நிலத்தில் நாரையும் கொக்கும் இரை தேர்கின்றன. அந்நிலத்தின் விளைவு குற்றாலநாதர்க்கு அமுதாகின்றது. இரண்டிற்கும் இடையே கொடுத்தவர் பெயர் வந்து போகின்றது. நினைவிசைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் யான் அறியேன். கொடுத்தவரைக் கொடையின் வழியும், கொடையை இறைவன் வழியும் காட்டினார். கவிராயர்க்கும் அம்முறையிலேயே சிறப்பு வந்தது. மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவர்க்குப் பரிசாக அளித்த நிலம் குறவஞ்சிமேடு என வழங்குகின்றது. நிலம் பெற்றது புலவர் பெயரையன்று, பாட்டின் பெயரை.

பிற்காலத்தும் அவ்வாறே. குற்றாலத்திலேயே வாழ்ந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இக்குறவஞ்சியின் சுவையைத் தமிழ்நாடெங்கும் எடுத்துரைத்தார். 1944-இல் உருக்குமிணி தேவியார் கலாக்ஷேத்திரத்தின் வழியாக இதனை நாட்டிய நாடகமாக்கினார். பாட்டைப் பாடுவதும் ஆடுவதுமே பாடியவர்க்குச் செய்யும் வழிபாடு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அம்முகப்புப் படத்தை மீண்டும் நினைக்கின்றேன். ஐந்து சபைகளுள் சித்திரசபை குற்றாலத்தது. பெருமான் இங்கே ஓவிய வடிவில் ஆடுகின்றான். மார்கழித் திருவாதிரையில் அவ்வோவியத்திற்கே வழிபாடு நிகழ்கின்றது. ஓவியத்தை வணங்குதல் குற்றாலத்திற்குப் புதிதன்று. ஆயினும் சித்திரசபையில் ஓவியத்தின் முன் நிற்பவன் எழுதிய கையை நினைவதில்லை. ஆடும் பெருமானையே நினைகின்றான். புலவர் படத்திற்கு முன்னும் நாம் அவ்வாறே நிற்றல் நலம்.

செய்யத்தக்கன

இவ்விழா ஆண்டுதோறும் நிகழ்க. அதனை நடத்தும் அன்பர்கட்குச் சிறியேன் வேண்டுவன சில. தொடக்கத்தில் திருக்குற்றாலப் பதிகத்தைத் திருக்கடைக்காப்போடு முழுதும் ஓதுவித்தல் வேண்டும். ஓராண்டு குறிஞ்சிப் பதிகமும், அடுத்த ஆண்டு குறும்பலாப் பதிகமுமாக ஓதலாம். ஓதி முடியுமளவும் கைதட்டாதிருக்குமாறு அவையோரைப் பணிவோடு கேட்டுக்கொள்ளலாம். குறவஞ்சியிற் பத்துப் பாட்டைத் துணித்துப் பாடுவதினும், உலாவிலிருந்து நிலவுப்பாட்டு வரை ஒரு தொடர்ச்சியை விருத்தங்களோடு பாடுதல் நன்று. கவிராயர் குறவஞ்சி ஒன்றே பாடியவர் அல்லர். அவருடைய குற்றாலத் தலபுராணத்தினின்றும் குற்றால மாலையினின்றும் சில பாடல்கள் இடம்பெறுதல் வேண்டும். இறுதியில் வாழ்த்துப் பாடி, அவையோரை அண்மையிலுள்ள திருக்கோயிலுக்கு வழிபாட்டிற்கு அழைத்துச் செல்லலாம். படத்திற்குச் சூட்டும் மாலையைப் பேச்சுகட்கு முன்னரன்றி, பாட்டு முடிந்தபின் சூட்டினால் அதற்குப் பொருள் மிகும்.

எனக்கும் ஒரு கடமை உண்டாயிற்று. ஆடித் திங்கள் முதல், எம்மூரில் ஞாயிறுதோறும் மாலையில் சில சிறுவர் சிறுமியர்க்குத் திருக்குற்றாலப் பதிகம் இரண்டையும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியுள்ளேன். பண்ணை அப்பெண்மகள் சொல்லித்தர, பொருளை யான் சொல்கின்றேன். பதிகங்கள் முடிந்தபின் குறவஞ்சி தொடங்கும். இம்முறை ஏட்டில் எவ்விடத்தையும் மூடுவதாக இல்லை. சிலம்பைப் பாம்பென்று சொல்லிவைத்த கிழவன் அதனைச் சிலம்பென்று சொல்லிவிட்டுச் செல்லுதலே கவிராயர்க்குச் செய்யத்தக்க அஞ்சலி எனத் தெளிந்தேன்.

திருச்சிற்றம்பலம்.